அது பாத்திரம் தேய்க்கற நார் இல்ல அத்தை

(சமையலறை. சிங்க் பக்கத்துல ஒரு காலி கிண்ணம். ஹால்ல 70 லிட்டர் கடல் தண்ணித் தொட்டி, அதுல ரெண்டு கிளவுன் மீன், அஞ்சாறு பவளம், மிச்ச இடம் பூரா பச்சை முடி மாதிரி பாசி. பாறைக்கெல்லாம் விக் வச்ச மாதிரி இருக்கு. கொஞ்ச நாள் தங்கிட்டுப் போக வந்த மாமியாரும் அந்தத் தொட்டிக்குச் சொந்தக்கார மாப்பிள்ளையும்.)

அத்தை: மாப்ளே, புதுசா ஒரு நார் வாங்கி வச்சிருக்கீங்களே பாத்திரம் தேய்க்க, சுத்த மோசம். ரெண்டு பாத்திரத்துக்கே நைஞ்சு நூல் நூலா வந்துடுச்சு, சோப்பு எவ்ளோ போட்டாலும் நுரையே வரல. வாங்குன இடத்துலயே திருப்பிக் குடுத்துடுங்க.

மாப்ள: நாரா? நான் எந்த நாரும் வாங்கலையே அத்தை.

அத்தை: இந்தக் கிண்ணத்துல ஊறிட்டு இருந்துச்சே, பச்சையா, சுருட்டை சுருட்டையா.

மாப்ள: அத்தை... அது உயிரோட இருந்துச்சு.

அத்தை: எது?

மாப்ள: அந்த நார். அது நாரே இல்ல, கீட்டோ. கீட்டோமார்ஃபான்னு ஒரு கடல் பாசி. பிரெண்டு தொட்டியில இருந்து கெஞ்சி வாங்கிட்டு வந்து, பூச்சி கீச்சி ஒட்டிட்டு இருக்கான்னு பாத்துட்டு ராத்திரி உள்ள விடலாம்னு கிண்ணத்துல வச்சேன்.

அத்தை: ஐயையோ, அப்ப நான் பாசியிலயா பாத்திரம் தேய்ச்சேன்? எல்லாத்தையும் மறுபடி கழுவணுமா இப்ப! சரி சரி மூஞ்சிய அப்படி வச்சிக்காதீங்க, நல்லா நாலு தண்ணி அலசித் தரேன், போட்டுக்கோங்க.

மாப்ள: சோப்பு பட்டத உள்ள போட்டா மொத்த தொட்டியும் போயிடும் அத்தை. விடுங்க.

அத்தை: இல்ல, எனக்கு ஒண்ணு புரியல. தொட்டி பூரா பாசி, அத ஒழிக்கறேன்னு மூணு மாசமா நீங்க ராத்திரியில டார்ச்சோட உக்காந்திருக்கறதா எம்பொண்ணு சொல்லிச் சொல்லி அழறா, நீங்க என்னடான்னா வெளிய இருந்து இன்னும் கொஞ்சம் பாசி வாங்கிட்டு வர்றீங்க?

மாப்ள: முள்ள முள்ளால எடுக்கறது அத்தை. பாசிக்கு சாப்பாடு தண்ணியில இருக்கற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். இந்தக் கீட்டோவ தொட்டிக்குப் பின்பக்கம் இருக்கற தடுப்புல தனியா லைட் போட்டு வளத்தா அது முதல்ல தின்னுடும், பாறையில இருக்கற பச்சை முடிக்கு பட்டினி. அப்பறம் கீட்டோ நல்லா வளந்ததும் பாதிய பிச்சு வெளிய எறியணும், அப்பதான் அது தின்னதெல்லாம் தொட்டிய விட்டுப் போகும்.

அத்தை: அப்ப நான் பண்ணதும் அதானே, பிச்சு எறிஞ்சேன். என்ன, கொஞ்சம் முன்னாடியே பண்ணிட்டேன்.

(இதுக்கு என்ன பதில் சொல்றது. மாப்பிள்ளை தொட்டிப் பக்கம் போயிட்டார். அத்தையும் கை துடைச்சிட்டே பின்னாடி.)

அத்தை: அந்த பாஸ்பேட்டு அவ்ளோ ஏறிக் கெடக்கா?

மாப்ள: அதான் கொடுமையே. டெஸ்ட் பண்ணா பூஜ்யம் காட்டுது.

அத்தை: பூஜ்யம்னா தின்ன ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம், அப்பறம் எப்படி இவ்ளோ செழிப்பா நிக்குது?

மாப்ள: மாசக் கடைசியில பர்ஸ் காலியா இருந்தா சம்பளமே வரலன்னா அர்த்தம்? வந்த வேகத்துல செலவாயிடுச்சு. இங்கயும் வர்ற பாஸ்பேட்ட எல்லாம் பாசி உடனுக்குடனே உறிஞ்சிடுது, மிச்சத்தத்தான் நம்ம டெஸ்ட் பாக்குது. நானும் இது புரியாம பூஜ்யம் பூஜ்யம்னு ஒரு மாசம் சந்தோஷமா சுத்திட்டு இருந்தேன்.

அத்தை: பர்ஸ பத்தி நீங்க பேசறீங்க. அந்த அலமாரியில இருபது பாட்டில் இருக்கே, அதெல்லாம் என்ன?

மாப்ள: அத விடுங்க அத்தை.

அத்தை: சொல்லுங்க, நான் பொண்ணு கிட்ட சொல்லல.

மாப்ள: போன மாசம் துரு கலர்ல ஒரு குருணை வாங்கினேன், இரும்பு சம்பந்தப்பட்டது, பாஸ்பேட்ட அப்படியே இழுத்துப் பிடிச்சிக்கும். கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும்னு டப்பாலயே போட்டிருக்கு. நான் ஆத்திரத்துல ஒரேயடியா அள்ளிப் போட்டுட்டேன். தண்ணி சுத்தமா துடைச்ச மாதிரி ஆயிடுச்சு, ஒரு பவளம் வெளுத்துப் போச்சு, பச்சை கொஞ்சம் அடங்குச்சு, அடங்குன இடத்துல பழுப்பா, கொழகொழன்னு, நடுவுல காத்து முட்டையோட மூக்குச் சளி மாதிரி ஒண்ணு வந்து உக்காந்துச்சு.

அத்தை: ச்சீ.

மாப்ள: டைனோன்னு பேரு, டைனோஃப்ளாஜெல்லேட்ங்கறதோட சுருக்கம். தண்ணியில சத்து சுத்தமா இல்லாம போனா மத்ததெல்லாம் சாகும், போட்டிக்கு ஆள் இல்லன்னு இது கொடி நாட்டிடும். அதுல சில ஜாதி விஷம் வேற, தின்ன நத்தை ரெண்டு போச்சு. அதனால இப்ப என்ன சொல்றாங்கன்னா பாஸ்பேட் ஒரேயடியா பூஜ்யம் ஆகவும் கூடாது, 0.03ல இருந்து 0.1 பிபிஎம்குள்ள (பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு) நின்னா போதும், நைட்ரேட்டும் ஒரு அஞ்சு பத்து இருக்கட்டும்.

அத்தை: அதாவது கொஞ்சம் அழுக்கு வேணும்ங்கறீங்க. இத நான் எம்பொண்ணுக்கு சொன்னா அவ வீடு பெருக்கறத நிறுத்திடுவா. சரி, அந்த மூலையில மணல் மேல செவப்பா பட்டுத்துணி விரிச்ச மாதிரி இருக்கே, அழகா இருக்கு, அது நீங்க போட்டதா?

மாப்ள: அதுவும் எதிரிதான். சயனோ. பாசின்னு சொல்றோமே தவிர அது பாக்டீரியா. உலகத்துல காத்துல ஆக்ஸிஜன் சேந்ததே இதுங்க குடும்பத்தாலதானாம், சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி.

அத்தை: 240 கோடி வருஷமா இருக்கற குடும்பம், நீங்க பல் தேய்க்கற பிரஷ் வச்சு சொரண்டுனா காலி பண்ணிட்டுப் போயிடுமா மாப்ளே? ...இருங்க, அது யாரு பிரஷ்?

மாப்ள: பழசு அத்தை.

அத்தை: நீலக் கலர்ல என்னோடது ஒண்ணு நேத்துலருந்து காணோம்.

மாப்ள: புதுசு வாங்கித் தந்துடறேன். ஆனா வேலை சூப்பரா செய்யுது, பாருங்க, தண்ணி இழுக்கற ட்யூப் நுனியில ரப்பர் பேண்ட் போட்டு பிரஷ்ஷ கட்டிட்டேன், தேய்க்கத் தேய்க்க பிச்சு வர்ற முடி அப்படியே ட்யூப்ல இழுத்து பக்கெட்டுக்குப் போயிடும். வெறும் பிரஷ்ல தேய்ச்சா துணுக்கு பறந்து போய் அடுத்த பாறையில குடியேறிடும்.

அத்தை: இந்த நத்தைங்க எதுக்கு, சும்மா கண்ணாடியில ஒட்டிட்டு நிக்குது?

மாப்ள: டர்போ நத்தை, பாசி தின்றதுக்கு. நல்லாத்தான் தின்னும், ஆனா புல்டோசர். ராத்திரி போற வழியில பவளத்த எல்லாம் தள்ளி விட்டுட்டுப் போகும், காலைல எழுந்து நான் ஒவ்வொண்ணா தூக்கி நிறுத்தணும். மல்லாக்க விழுந்துச்சுன்னா சில சமயம் தானா திரும்பத் தெரியாது, அதையும் நான்தான் திருப்பி விடணும்.

அத்தை: எங்க மாமனாரும் கடைசிக் காலத்துல இப்படித்தான். சரி, அந்தக் குட்டி நண்டு? ஓட்டுக்குள்ள ஒளிஞ்சிட்டு.

மாப்ள: அதுவும் பாசி தின்னும்னுதான் விட்டேன். ஓடு சின்னதாயிடுச்சுன்னா நத்தைய கொன்னுட்டு அதோட ஓட்டுக்குள்ள குடி போயிடும். காலி ஓடு நாலு போட்டு வச்சேன், பாக்கவே இல்ல.

அத்தை: வீட்டுக்காரனையே கொன்னுட்டு வீட்டப் புடிக்கற ஜாதியா. வாசப்படிய விட்டு வெளிய அனுப்புங்க அத.

(நடுவுல தண்ணி விசாரணை. ஆவியாப் போற அளவுக்கு உப்புத் தண்ணியா ஊத்துறீங்கன்னு அத்தை கேக்க, உப்பு ஆவியாகாது, ஆவியாற இடத்துக்கு ஆர்ஓடிஐ, அதாவது கரைஞ்ச உப்பெல்லாம் வடிகட்டி எடுத்த நல்ல தண்ணிதான்னு இவர் பெருமையா சொல்ல, அப்ப அந்தத் தண்ணி நல்ல தண்ணிதானான்னு பாத்தீங்களான்னு அத்தை கேட்டாங்க. மீட்டர வச்சு பாத்தா டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற பொருளோட அளவு, 12. பூஜ்யம் இருக்கணும். வடிகட்டியோட கடைசிக் குழாயில இருக்கற ரெசின் (மிச்ச உப்பப் பிடிக்கற குருணை) கலர் மாறி எத்தன நாளாச்சோ. இவ்ளோ நாளா சிலிகேட்டும் பாஸ்பேட்டும் பக்கெட்டோட உள்ள போயிட்டு இருந்திருக்கு. லைட் 12 மணி நேரம் எரியுதுன்னு வேற தெரிஞ்சுது, எட்டு போதும். சாயங்கால வெயில் ஜன்னல் வழியா நேரா தொட்டி மேல விழறத கண்டுபிடிச்சதும் அத்தைதான், மாப்பிள்ளை பகல்ல வீட்டுல இருக்கறதில்ல.)

அத்தை: எல்லாம் விடுங்க. மீனுக்கு தீனி எத்தன தடவ?

மாப்ள: ஒரே தடவ. காலைல நான் ஆபீஸ் கிளம்பறப்ப, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு. ஐஸ்ல இருக்கற மைசிஸ் இறாலா இருந்தா வடிகட்டில போட்டு உருக்கி அந்தத் தண்ணிய கீழ ஊத்திட்டு இறால மட்டும்தான் போடறேன்.

அத்தை: எந்த வடிகட்டி?

மாப்ள: ...சின்ன வடிகட்டி.

அத்தை: டீ வடிகட்டியா? ரெண்டு நாளா டீல ஒரு கடற்கரை வாசம் வருதுன்னு நான் சொன்னப்ப, அது உங்க மனப்பிரமைன்னீங்களே!

மாப்ள: நல்லா கழுவித்தான் வைக்கறேன் அத்தை. இப்ப தீனி விஷயம் பேசுவோம்.

அத்தை: பேசுவோம். காலைல நீங்க. மத்தியானம் எம்பொண்ணு ஒரு சிட்டிகை போடறா, என் கண்ணாலயே பாத்தேன்.

மாப்ள: என்னது!

அத்தை: சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் பேரன். அவன் சிட்டிகையெல்லாம் இல்ல, டப்பாவ அப்படியே ஆட்டுவான். நேத்து ஒரு பிஸ்கட்டும் போட்டான், அத நான் கரண்டில எடுத்துட்டேன்.

மாப்ள: பாஸ்பேட்டு எங்க இருந்து வருதுன்னு நான் மூணு மாசமா பாறைய சந்தேகப்பட்டு, உப்ப சந்தேகப்பட்டு, பிரெண்டு குடுத்த மணல சந்தேகப்பட்டு... வீட்டுல ஒரு வார்த்த யாராவது சொன்னீங்களா!

அத்தை: நீங்க கேக்கலையே. பாட்டில் விக்கறவனத்தான் கேட்டீங்க.

மாப்ள: சரி, இன்னைல இருந்து டப்பா மேல ஒரு பேப்பர் ஒட்டறேன், போட்டவங்க டிக் போடணும், ஒரு டிக் இருந்தா அன்னைக்கு அவ்ளோதான். அத்தை, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க.

அத்தை: எதுக்கு?

மாப்ள: சும்மா. ...இப்ப இந்தப் பக்கம் வாங்க.

(அத்தை வலது பக்கம் போனா ரெண்டு மீனும் வலது மூலைக்கு ஓடுது. இடது பக்கம் வந்தா இடது மூலை. வாய வாயத் திறந்து கண்ணாடிய முட்டுது. மாப்பிள்ளை போய் அதே இடத்துல நின்னு பாத்தார், ஒண்ணு கூட திரும்பல.)

மாப்ள: மூணு மாசம் வளத்தவன் நான். என்ன யாருன்னே தெரியல அதுங்களுக்கு.

அத்தை: குழந்தைங்களும் மீனும் ஒண்ணு மாப்ளே, பாசமா பேசுனா ஒட்டிக்கும். நான் வந்து பத்து நாளா பேசிட்டு இருக்கேன்.

மாப்ள: பேச மட்டும்தான் செஞ்சீங்களா?

அத்தை: வேற என்ன செய்வாங்க மீன் கிட்ட.

(ராத்திரி பதினொரு மணி. ஹால்ல இருட்டு. மாப்பிள்ளை நத்தைய திருப்பி விட டார்ச்ச எடுத்துட்டு எழுந்து வர்றார். "டக்"னு ஒரு சத்தம்.)

மாப்ள: அத்தை? என்ன சத்தம் அது?

அத்தை: தண்ணி குடிக்க வந்தேன் மாப்ளே. டப்பா மூடி சரியா மூடியிருக்கான்னு பாத்தேன், நமத்துடும் பாருங்க.

மாப்ள: டிக் போட்டீங்களா?

அத்தை: இருட்டுல பேனா எங்கன்னு தெரியல.