அந்த மணி அடிக்கட்டும், விடுங்கள்

அந்தப் பதிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். யார், எது என்று சொல்லத் தேவையில்லை, எல்லார் டைம்லைனிலும் அதுதான் ஓடுகிறது. டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த அப்பாவின் கையில் ஒரு பட்டையும் வாசல் கதவில் ஒரு சென்சாரும் மாட்டியிருக்கிறேன், அவர் பதற்றமாகி எழுந்து நடந்தால் என் ஃபோன் அடிக்கும், நேற்று ராத்திரி கொஞ்சம் தூங்கினேன் என்று அந்தப் பெண் எழுதினார். அவ்வளவுதான் எழுதினார். அதற்குக் கீழே வந்து விழுந்தவை: "பெத்த அப்பனை ஜெயில்ல வெச்சிருக்கியா?", "மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டிட்டீங்களே", "அன்பு இருந்தா மெஷின் எதுக்கு?" கடைசியில் பதிவையே எடுத்துவிட்டார்.

சரி, நான் ஒன்று கேட்கிறேன். ராத்திரி யார் முழித்திருப்பது?

பதற்றம் என்றால் என்னவென்று தெரியாமல்தான் இதில் பாதிப் பேர் பேசுகிறார்கள். என் மாமியாருக்குப் பொழுது சாயும்போது ஆரம்பிக்கும். முதலில் முந்தானை நுனியை எடுத்து இறுக்கிச் சுருட்டுவார். பிரிப்பார். மறுபடி சுருட்டுவார். அப்புறம் எழுந்து பூஜை அறை வரை போய்த் திரும்புவார். "இருட்டிடுச்சு, நான் கிளம்பறேன், அம்மா தேடுவாங்க" என்பார். அத்தைக்கு வயது 79. கொஞ்ச நேரத்தில் நான் யாரென்றே தெரியாது, கையைப் பிடித்தால் அடி விழும். சன்டவுனிங் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். முந்தானை சுருட்டும்போதே டிவியை அணைத்து, விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறம் சின்ன வெங்காயத்தைக் கையில் கொடுத்தால் உரித்துக்கொண்டே அடங்கிவிடுவார். அந்த நேரத்தைத் தவறவிட்டால் எதுவும் எடுபடாது. நானோ அப்போது அடுப்படியில் நிற்பேன்.

இப்போது அத்தை கையிலும் ஒரு பட்டை இருக்கிறது. அந்தப் பட்டை பார்ப்பது இந்த ஆரம்பத்தைத்தான். நாடித்துடிப்பு, கை அசைவு, தோலின் வெப்பம், வியர்வையால் தோலில் மின்சாரம் கடத்தும் அளவு மாறுவது, இவற்றைச் சேர்த்துப் பார்த்துப் பதற்றத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று டொரன்டோவில் டிமென்ஷியா வார்டிலேயே வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பிரிட்டனில் இம்பீரியல் கல்லூரியும் சர்ரே பல்கலைக்கழகமும் சேர்ந்து நோயாளிகளின் வீட்டிலேயே நடமாட்ட சென்சார், கதவு சென்சார், மெத்தைக்கு அடியில் தூக்கத்தை அளக்கும் விரிப்பு என்று வைத்துப் பார்க்கிறார்கள். கெட்டில் எப்போது போடப்பட்டது என்பதுகூடப் பதிவாகிறது. இவர்களெல்லாம் பெற்றவர்கள்மேல் பாசம் இல்லாத கூட்டமா?

இது முழுசாகத் தேறிய வித்தை என்று நானும் சொல்லவில்லை. பேரன் வீடியோ காலில் வந்தாலும் அத்தைக்கு நாடி எகிறும். அதற்கும் மணி அடிக்கும். அடிக்கட்டுமே, ஓடிப்போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருப்பார். எனக்கென்ன நஷ்டம்?

"அந்தக் காலத்துல சென்சாரா இருந்துச்சு?" இல்லைதான். திண்ணையில் நாலு பேர் இருந்தார்கள். வழி தெரியாமல் கிளம்பும் தாத்தாவை யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். அதே காலத்தில் ஒரு பாட்டியைக் கொல்லைப்புற அறையில் போட்டுப் பூட்டியதையும், பழைய புடவையைக் கிழித்துக் கட்டில் காலோடு கட்டியதையும் சின்ன வயதில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது எவரும் ஜெயில் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

"தனியுரிமை" என்றும் சிலர். இதில் நியாயம் இருக்கிறது. படுக்கையறையிலும் குளியலறையிலும் கேமரா வைப்பதை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தத் தகவல் எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும், தனிப்பட்ட தகவலைப் பாதுகாக்க 2023இல் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் கேமரா வேறு, காந்தம் வேறு. என் கதவில் இருப்பது இரண்டு துண்டு. ஒன்று நிலையில், ஒன்று கதவில். பிரிந்தால் அடிக்கும். அது யாரையும் படம் பிடிக்கவில்லை. தவிர, அத்தையைக் குளிப்பாட்டி, உள்ளாடை மாற்றி, டயபர் கட்டுவது நான். அவருடைய மானத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பது ஃபோனை நோண்டிக்கொண்டிருக்கும் ஒருவர்.

"அவங்க சம்மதம் கேட்டீங்களா?" கேட்டேன். "வளையல் நல்லாருக்கு, யார் வாங்கினா?" என்றார். போதுமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன வருஷம் சில நாட்களாக ராத்திரி முழுக்க அத்தைக்குத் தூக்கமே இல்லை. வழக்கமான சாயங்காலப் பதற்றம் இல்லை இது, பகலிலும் அலைந்தார், திட்டினார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "வியாதி முத்திடுச்சு, தூக்க மாத்திரை கேளு" என்றார்கள். பட்டையில் பதிந்திருந்த கணக்கை டாக்டரிடம் காட்டினேன். எந்த நாளிலிருந்து தூக்கம் உடைந்தது, நாடி எப்போது ஏறியது என்று தெளிவாக இருந்தது. அவர் முதலில் எழுதியது சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று இருந்தது. ஆன்டிபயாடிக் போனதும் பழையபடி வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். வலிக்கிறது, எரிகிறது என்று சொல்லத் தெரியாதவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி எல்லாமே பதற்றமாகத்தான் வெளியே வரும். பதற்றத்தை அடக்க டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குப் புது வகை மனநோய் மாத்திரைகளைக் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இலேயே எச்சரித்தது, 2008இல் பழைய வகை மாத்திரைகளையும் அதில் சேர்த்தது. வேறு வழியில்லாமல் டாக்டர் தருவது வேறு விஷயம். காரணத்தைத் தேடாமல் மாத்திரை போட்டுப் படுக்க வைப்பது உங்களுக்கு அன்பாகத் தெரிகிறது, கையில் பட்டை கட்டுவது கொடுமையா?

பதற்றத்தை அளக்க மருத்துவத்தில் ஒரு கேள்வித்தாள் உண்டு. கோஹன் மான்ஸ்ஃபீல்ட் என்பவரின் பெயரில் வழங்குவது, 29 நடத்தைகள் அதில் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் எத்தனை தடவை நடந்தது என்று பார்த்துக்கொள்பவர் சொல்ல வேண்டும். இரண்டு வாரமாகத் தூங்காதவளிடம் கேட்டால் என்ன சொல்வாள்? எனக்கு அன்று காலையில் பால் காய்ச்சினேனா என்பதே ஞாபகம் இருக்காது.

"ஆள் வைக்க வேண்டியதுதானே?" வைக்கலாம். 24 மணி நேரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் எங்களிடம் கேட்டது மாதம் 20,000க்கு மேல். அதற்கு மேல் சாப்பாடு, லீவு, அவர்கள் ஊர்த் திருவிழா. இந்தியாவில் டிமென்ஷியா உள்ளவர்கள் 88 லட்சம் பேர் என்று 2023இல் வந்த ஆய்வு சொல்கிறது. அத்தனை வீட்டிலும் ராத்திரி முழித்திருப்பது யாரென்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் ஒரு மகள், இல்லையென்றால் ஒரு மருமகள். "பொண்ணுன்னா பார்த்துக்கத்தானே செய்வா" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். பார்த்துக்கொள்கிறவளுக்கும் பிபி ஏறும், முட்டி வலிக்கும், அவளும் தூங்க வேண்டும். இதைச் சொன்னால் சுயநலக்காரி.

சரியாகச் சொன்னால், எனக்கு அந்தக் கமெண்ட்காரர்கள்மேல்கூட இவ்வளவு கோபமில்லை. முகம் தெரியாதவர்கள். முகம் தெரிந்தவர்கள் கதையே வேறு. வருவார்கள், சோபாவில் உட்காருவார்கள். அந்தப் பத்து நிமிஷமும் அத்தை "வாங்க, காபி சாப்பிடுங்க" என்று அம்சமாகப் பேசுவார். "நல்லாத்தானே இருக்காங்க, நீ ஏன் இவ்வளவு அலுத்துக்கறே?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வாங்கிவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். திருச்சியிலிருந்து பெங்களூரு ஒரு ராத்திரி பஸ் தூரம்தான். அங்கே இருக்கும் என் நாத்தனாரும் ஜெயில் என்று வந்த அந்தக் கமெண்டுக்கு லைக் போட்டிருக்கிறார். பெற்ற மகள். பார்த்தேன் அக்கா, பார்க்காமல் இல்லை.

தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு வாரம் தங்குங்கள் அக்கா. கதவு சென்சாரையும் கைப்பட்டையையும் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன். அத்தை அறையில் உங்களுக்குப் பாய் போட்டுத் தருகிறேன். நான் மாடியில் படுத்துக்கொள்கிறேன், காலையில் டிகிரி காபி போட்டு எடுத்துவருகிறேன்.