நம்ம வீட்டுப் பாட்டுக்கு எவனோ கணக்கு எழுதுறான்

"பாட்டு கேக்கறதுல இன்னா பெரிய ரகசியம் கீது?"

கம்ப்யூட்டரில் நாம் என்ன பாட்டுக் கேட்கிறோம் என்பதைப் பாட்டுப் போடும் ப்ளேயரே வெளியே யாருக்கோ சொல்லிவிடுகிறது என்று நான் வாயைத் திறந்தாலே காட்பாடி நண்பர் ஒருவர் இப்படித்தான் மடக்குவார். பேங்க் பாஸ்வேர்டு போனால் பணம் போகும், ஆதார் நம்பர் போனால் வம்பு வரும், பாட்டு லிஸ்ட் போனால் என்ன போகும் என்பது அவர் கட்சி.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வீட்டில் ஒரு வருஷம் என்னென்ன பாட்டு, எந்தெந்த நேரத்தில் ஓடியது என்ற கணக்கை மட்டும் யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். மதம் முதல் நாளே தெரிந்துவிடும். எந்தக் கட்சி என்பது தேர்தல் சமயத்தில் தெரியும். வட ஆற்காட்டுப் பக்கம் தலைவர் பிறந்தநாளுக்கு ஓடுகிற பாட்டை வைத்துச் சாதியைக்கூட அநேகமாக ஊகித்துவிடலாம். கைக்குழந்தை இருக்கும் வீடு, நடுராத்திரியில் யாரோ தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் வீடு, திடீரென்று பாட்டே நின்றுபோன வீடு, எல்லாமே அந்தக் கணக்கில் உண்டு. என் பேங்க் ஸ்டேட்மென்ட் என்னைப் பற்றி இவ்வளவு பேசாது.

"தெருவுக்கே கேக்குற மாதிரிதானே வைக்கிறோம்" என்று அடுத்த கேள்வி வரும். வாஸ்தவம். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். என் வீட்டில் என்ன ஓடுகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். அவர் வீட்டில் என்ன ஓடுகிறது என்று எனக்கும் தெரியும். மார்கழியில் ஒரு வீடு, நோன்பு மாதத்தில் ஒரு வீடு, கிறிஸ்துமஸுக்கு ஒரு வீடு என்று மாறி மாறிக் கேட்டுத்தான் வளர்ந்தோம். சத்தம் அதிகமானால் கதவைத் தட்டிச் சொல்வார்கள், நானும் சொல்வேன். எங்கோ ஒரு சர்வரில் உட்கார்ந்து என் வீட்டைக் கேட்கிறவன் வீட்டுப் பாட்டு எனக்குக் கேட்கிறதா? அவன் எதைக் குறித்துக்கொண்டான், யாருக்கு விற்றான் என்று போய்க் கேட்க ஒரு கதவாவது உண்டா?

இது என் கற்பனை பயம் இல்லை. 1999-இல் ரியல்ஜூக்பாக்ஸ் என்ற ப்ளேயர், நாம் போடும் சிடி என்ன, ஹார்டு டிஸ்கில் எத்தனை பாட்டு இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு அடையாள எண்ணோடு சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ரிச்சர்ட் ஸ்மித் என்ற நிபுணர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். 2006-இல் ஆப்பிள் கம்பெனியின் ஐட்யூன்ஸ் ப்ளேயர், நாம் சொடுக்கும் பாட்டை ஆப்பிளின் நெட் பாட்டுக் கடைக்குச் சொல்லி, அதற்கேற்ற சரக்கைக் கீழே காட்டியது. சத்தம் எழுந்ததும், சம்மதித்தால் மட்டும் என்று மாற்றினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் 2005-இல் சோனி பிஎம்ஜி என்ற பாட்டுக் கம்பெனி செய்த காரியம். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால், காப்பி எடுக்காமல் தடுக்க ஒரு மென்பொருள் உள்ளே இறங்கியது. அது தன்னை விண்டோஸ் கண்ணிலேயே படாமல் மறைத்துக்கொண்டது. குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்த ஃபைலையும் சேர்த்து மறைத்தது. வைரஸ் எழுதுபவர்கள் சும்மா இருப்பார்களா, அந்த மறைவுக்குள்ளேயே தங்கள் சரக்கை ஒளித்தார்கள். எந்த ஆல்பம் ஓடுகிறது என்பதும் கம்பெனிக்குப் போனது. அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் தன் கம்ப்யூட்டரில் கண்டதை எழுதி அம்பலப்படுத்திய பிறகுதான் சிடிக்களைத் திரும்பப் பெற்றார்கள், வழக்குகளும் வந்தன. இதில் கவனிக்க வேண்டியது, மாட்டிக்கொண்டது நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நூறு பாட்டு எம்பி3 சிடி வாங்கியவனுக்கு அந்தத் தொல்லை இல்லை! திருட்டு சிடிக்கு வக்காலத்து வாங்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். செய்யாறு பக்கம் எங்கள் பெரியப்பா ஊரில் திரௌபதை அம்மன் கோயிலில் நடந்த பாரதக் கூத்தை, அவர் டேப் ரெக்கார்டரில் ராத்திரி முழுக்கப் பிடித்து வைத்திருந்தார். அந்த கேசட்டுகளில் கூத்து மட்டும் இல்லை. நடுவில் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் இவ்வளவு ரூபாய் கொடுத்தார் என்று ஊர்க்காரர் பெயரெல்லாம் சொல்வார்கள். இன்னொரு கேசட்டில் எங்கள் பாட்டி சாவு வீட்டில் பாடிய ஒப்பாரி, செத்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், யார் கவனிக்கவில்லை என்ற குறை வரைக்கும். இதையெல்லாம் சிடியாக்கி வைத்திருந்தோம். ஒருநாள் கம்ப்யூட்டரில் போட்டால், ப்ளேயர் கூத்துக்கு ஏதோ வெளிநாட்டு ஆல்பத்தின் பெயரையும் அட்டைப் படத்தையும் ஒட்டி வைத்திருக்கிறது. கிரீடமும் புஜகீர்த்தியுமாக ஆடிய துரியோதனனுக்குக் கிட்டார்காரன் படம்.

வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு ஒரு சந்தேகமும் வந்தது: பெயரைத் தப்பாகச் சொல்வதற்கு, முதலில் யாரிடமோ போய்க் கேட்டிருக்க வேண்டுமே?

கேட்டுத்தான் இருக்கிறது. சாதாரண ஆடியோ சிடியில் பாட்டின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு ட்ராக்கும் எங்கே தொடங்குகிறது, மொத்த நீளம் எவ்வளவு என்பதை வைத்து ப்ளேயர் ஒரு எண் தயாரிக்கும். அதை சர்வருக்கு அனுப்பி, இது என்ன சிடி என்று கேட்கும். இரண்டு சிடிக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் இப்படி ஆள் மாறும். 1990-களில் சிடிடிபி என்று தொடங்கிய அந்தப் பட்டியலில் பெயர்களை ஓசியில் தட்டிக் கொடுத்தவர்கள் நம்மைப் போன்ற கேட்பவர்கள்தான். பிறகு அது கிரேஸ்நோட் என்ற கம்பெனியானது, 2008-இல் அதை வாங்கியது யார் என்றால், மேலே சொன்ன அதே சோனி.

அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் போகும்போது நம் ஐபி முகவரியும் (நெட்டில் நம் இணைப்பின் விலாச எண்) நேரமும் கூடவே போகும். அட்டைப் படம், பாட்டு வரிகள் என்று இப்போதைய ப்ளேயர்கள் தேடுவதும் இதே வழிதான். கம்ப்யூட்டரை ஹெச்டிஎம்ஐ ஒயரில் டிவியோடு இணைத்துப் பாட்டுப் போடுகிறவர்கள் டிவியின் செட்டிங்ஸையும் ஒருமுறை பாருங்கள். திரையில் என்ன ஓடுகிறது என்று நொடிக்கு நொடி சேகரித்ததற்காக 2017-இல் அமெரிக்காவில் விஸியோ என்ற டிவி கம்பெனி 22 லட்சம் டாலர் கட்டியது.

நம் நாட்டில் 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சட்டம் சம்மதம் கேள் என்கிறது, நாம் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்துகிறோம், அதோடு முடிந்தது கதை. நெட்டில் ஸ்ட்ரீமிங் கேட்டால் கணக்கு எழுதத்தான் செய்வார்கள், அது அந்த வியாபாரத்தின் குணம். என் பெண் அதில்தான் கேட்கிறாள், நான் தடுப்பதில்லை. என் சண்டை வேறு. என் ஹார்டு டிஸ்கில், நான் பதிந்த பாட்டு, என் வீட்டு ஸ்பீக்கரில் ஓடுவதற்கு மூன்றாவது ஆள் எதற்கு?

கையில் இருப்பதை வைத்தே நிறைய அடைக்கலாம். விஎல்சி ப்ளேயரில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், இன்டர்ஃபேஸ் போனால் 'அலோ மெட்டாடேட்டா நெட்வொர்க் ஆக்சஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும், டிக்கை எடுத்துவிடுங்கள். பாட்டு ஃபோல்டர் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் நெட் சேமிப்பு) பேக்கப்பில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் உள்ள ஃபயர்வால் என்ற காவல், வெளியே போவதைத் தானாகத் தடுக்காது. ப்ளேயருக்குத் தனியாக அவுட்பவுண்ட் ரூல் (வெளியே போவதற்கான விதி) போட்டுத்தான் தடுக்க வேண்டும். இவ்வளவு எதற்கு என்பவர்கள், பழைய லேப்டாப் ஒன்றில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, நெட்டே கொடுக்காமல் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கூத்தும் ஒப்பாரியும் அதில்தான் இருக்கின்றன.

ஆரணி, செய்யாறு, போளூர் பக்கத்து நண்பர்கள் வீட்டில் கூத்து கேசட் பூஞ்சை பிடித்துக் கிடந்தால் சொல்லுங்கள். என்னிடம் கேசட் டெக் வேலை செய்கிறது, சிடியாகவோ ஃபைலாகவோ மாற்றித் தருகிறேன். மெயிலிலோ கூகுள் டிரைவிலோ அனுப்ப மாட்டேன், பென் டிரைவ் கொண்டு வாருங்கள்.