டூரிஸ்ட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும், உங்களுக்கென்ன?

ஞாயிற்றுக்கிழமைக் கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரீன்ஷாட் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு பெண், அமெரிக்காவின் சியாட்டில் நகர கிரஞ்ச் இசையைப் பற்றிய 'ஹைப்!' ஆவணப்படம் பார்த்தார். அதன் சவுண்ட்ட்ராக்கைத் தேடிப்பிடித்துக் கேட்டார். கிரஞ்சும் பங்க்கும் இப்போதுதான் அறிமுகம் என்று சந்தோஷமாக எழுதினார். கூடவே ஒரு கேள்வி: மட்ஹனி குழுவின் பாட்டிலே கிட்டார் ஏன் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கேட்கிறது, பேஸ் எங்கே போனது, ரெக்கார்டிங் கோளாறா?

அருமையான கேள்வி. பதில் ஒன்றுகூட வரவில்லை. "சவுண்ட்ட்ராக் டூரிஸ்ட்" என்று பட்டம் வந்தது. "முதல்ல ஆல்பம் கேட்டுட்டு வாங்க" என்று உபதேசம் வந்தது. சிரிப்பு எமோஜி வரிசைகட்டி வந்தது. மறுநாள் அவர் பதிவையே எடுத்துவிட்டார். இசைஞானம் முற்றிய அண்ணன்மார்களுக்கு இப்போது நிம்மதியாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த இசைக்குள் சவுண்ட்ட்ராக் வழியாக வருவது குறுக்குவழி இல்லை, ராஜபாட்டை.

ஏனென்றால் சியாட்டில் இசை வெளியே வந்ததே தொகுப்புகள் வழியாகத்தான். 1986-ல் சி/இஸட் இசைத்தட்டு நிறுவனம் போட்ட 'டீப் சிக்ஸ்' என்ன? ஆறு குழுக்களை ஒரே தட்டில் போட்ட தொகுப்பு: கிரீன் ரிவர், மெல்வின்ஸ், மால்ஃபங்ஷன், ஸ்கின் யார்ட், சவுண்ட்கார்டன், யூ-மென். 1988 டிசம்பரில் வந்த 'சப் பாப் 200' என்ன? அதுவும் தொகுப்புதான். சப் பாப் என்ற நிறுவனமே புரூஸ் பேவிட் ஒலிம்பியா ஊரில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை மாதிரியான ஒன்றிலிருந்து முளைத்தது. அதன் சில இதழ்கள் காகிதமாகவே வரவில்லை, பல குழுக்களின் பாட்டுகளைப் பதிந்த கேசட்டாக வந்தன. நிர்வானாவின் முதல் வெளியீடு 1988 நவம்பரில் வந்தது, ஆல்பம் இல்லை, ஏழு அங்குலச் சின்னத் தட்டு, கையால் எண்ணிட்ட ஆயிரம் பிரதி. ஆல்பம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றால், அன்று சியாட்டிலில் இருந்தவர்களே வாசலில்தான் நிற்க வேண்டும் அண்ணே.

அந்த சவுண்ட்ட்ராக்கை ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு யோசித்துக் கோத்தது என்று தெரியும். கிரீன் ரிவர் அதில் இருக்கிறது. அந்தக் குழு உடைந்தபின் மார்க் ஆர்மும், அதிலிருந்து முன்பே விலகியிருந்த ஸ்டீவ் டர்னரும் மட்ஹனியில் சேர்ந்தார்கள். ஜெஃப் அமென்ட்டும் ஸ்டோன் காஸர்டும் மதர் லவ் போன் வழியாக பேர்ல் ஜாம் போனார்கள். மட்ஹனியும் பேர்ல் ஜாமும் அதே தட்டில் இருக்கின்றன. தாத்தாவும் இரண்டு பேரன்களும் ஒரே போட்டோவில் நிற்பது மாதிரி. வைப்பர்ஸ் இருக்கிறது. போர்ட்லாண்டில் கிரெக் சேஜ் 1980-லேயே போட்ட பாட்டு, பின்னால் நிர்வானா எடுத்துப் பாடியது. டெட் மூன் இருக்கிறது. அதன் ஃப்ரெட் கோல், வீட்டில் 1954 மாடல் பிரெஸ்டோ-88 லேத்தை (இசைத்தட்டு வெட்டும் இயந்திரம்) வைத்துக்கொண்டு தன் குழுவின் தட்டுகளைத் தானே மோனோவில் வெட்டியவர். ஃபாஸ்ட்பேக்ஸ் இருக்கிறது. அவர்களுக்கு எத்தனை டிரம்மர்கள் என்பதே படத்தில் ஒரு நகைச்சுவைக் காட்சி. அதில் ஒருவர் டஃப் மெக்கேகன், பிற்பாடு கன்ஸ் அண்ட் ரோஸஸில் பேஸ் வாசித்தவர். இதையெல்லாம் ஆல்பம் ஆல்பமாகத் தேடிச் சேர்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் ஒரே வாரத்தில் தொட்டுவிட்டார். அதுதான் எரிகிறதோ?

சரி, கேள்விக்கு வருவோம். யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ரெக்கார்டிங் கோளாறு இல்லை. வேண்டுமென்றே செய்தது. மட்ஹனியின் 1988 இ.பி.யின் (ஆல்பத்தைவிடச் சின்னத் தட்டு) பெயரே 'சூப்பர்ஃபஸ் பிக்மஃப்', இரண்டு கிட்டார் பெடல்களின் பெயர். பெடல் என்றால் காலால் மிதித்து கிட்டார் ஒலியை மாற்றும் பெட்டி, இவை தரும் கரகரப்புதான் ஃபஸ். யூனிவாக்ஸ் சூப்பர்-ஃபஸ் ஒன்று, எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பிக் மஃப் இன்னொன்று. சூப்பர்-ஃபஸ் செய்வது ஃபுல்-வேவ் ரெக்டிஃபிகேஷன். அதாவது அலையின் கீழ்ப்பாதியை மடித்து மேலே போட்டுவிடும். ஒரு சுற்று இரண்டாகிறது, அதனால் மூல சுரத்துக்கு மேல் ஒரு ஆக்டேவ் (மேல் ஸ்தாயிச் சுரம்) சேர்ந்து கத்தும். கழுத்துப் பக்கத்து பிக்கப்பில் (தந்தி அதிர்வைப் பிடிக்கும் காந்தம்), பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஒற்றைச் சுரம் வாசித்தால் அந்த ஆக்டேவ் சுத்தமாகக் கேட்கும். நாலு தந்தியைச் சேர்த்து அடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று முட்டி, உடைந்த ரேடியோ மாதிரி ஆகும். "கிழிந்த ஸ்பீக்கர்" என்று அவர் எழுதியது கிண்டல் பண்ண வேண்டிய சொல் இல்லை, துல்லியமான சொல்.

பிக் மஃப் வேறு ரகம். சிக்னல் இரண்டு இடத்தில் அடுத்தடுத்து வெட்டுப்படும், பிறகு டோன் பகுதி 1000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளம் தோண்டும். தனியாக அறையில் வாசித்தால் மலை மாதிரி கேட்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும், ஏனென்றால் நம் காது கிட்டாரைத் தேடும் இடமே அந்தப் பள்ளம்தான். முதல் தடவை இந்தப் பெடல் வாங்குகிறவர் எல்லோரும் விழும் குழி இது. விழுந்ததும் வால்யூமைக் கூட்டுவார்கள், பாஸை (அடிச்சத்தத்தை) கூட்டுவார்கள், இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது: ஆம்ப்பில் பாஸைக் குறைத்து மிட்ஸை (நடுச்சத்தத்தை) ஏற்றுங்கள். பெடலின் சஸ்டெயின் குமிழைக் கடிகார முள்ளாக நினைத்து இரண்டு மணிக்கு மேல் தாண்டவிடாதீர்கள். டோன் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கட்டும்.

பேஸ் எங்கே போனது என்றும் கேட்டிருந்தார். போனில் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் சொச்சம். போன் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வாயே திறக்காது. அடிப்பாகம் முழுக்க உதிர்ந்து, ஃபஸ்ஸின் மேல் இரைச்சல் மட்டும் மிஞ்சும். சுமாரான வயர் ஹெட்போன் போதும். பாஸ் பூஸ்ட்டைத் தொடாதீர்கள், டிரம் அடி விழும்போதெல்லாம் பாட்டு முழுவதும் அமுங்கி எழும். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வால்யூம் நார்மலைசேஷனை ஆன் செய்துவிடுங்கள். 1980-ல் பதிந்ததும் தொண்ணூறுகளின் மேடைப் பதிவும் அடுத்தடுத்து வரும் தொகுப்பு இது, இல்லாவிட்டால் பாட்டுக்குப் பாட்டு குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாருங்கள், மூன்று பத்தி. இதை எழுதுவது அவ்வளவு சிரமமா? டூரிஸ்ட் என்று எழுத மட்டும் விரல் ஓடுகிறது.

இனி ஆட்சேபங்கள். வரும், தெரியும்.

"பங்க் வேற, கிரஞ்ச் வேற, ரெண்டையும் ஒண்ணா எழுதறாங்க." ஐயா, பெனிலோப் ஸ்ஃபீரிஸ் 1981-ல் வெளியிட்ட லாஸ் ஏஞ்சலஸ் பங்க் ஆவணப்படத்தின் சவுண்ட்ட்ராக்கைக் கேளுங்கள். (அதுவும் சவுண்ட்ட்ராக்தான், மன்னிக்கவும்.) பிளாக் ஃபிளாக் அதில் சின்னச் சின்னப் பாட்டாக ஓட்டமாய் ஓடும். அதே குழு 1984-ல் போட்ட 'மை வார்' தட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் ஆறு நிமிஷத்துக்கு மேல், எருமை நடை. பங்க் ரசிகர்கள் பலர் திட்டினார்கள். மெல்வின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார்கள், மெல்வின்ஸைப் பார்த்து வளர்ந்தவர் நிர்வானாவின் கர்ட் கோபேன். வேறு வேறுதான், அப்பா வேறு பிள்ளை வேறு என்கிற மாதிரி.

"ஆவணப்படம் இயக்குநர் தேர்ந்தெடுத்ததைத்தானே காட்டும்?" ஆமாம், நியாயம். அந்த சவுண்ட்ட்ராக்கில் ஆலிஸ் இன் செயின்ஸ் என்ற சியாட்டில் குழு கிடையாது. சரி, அதையும் தனியாகக் கேட்டுக்கொள்வார். மேலே போவோம்.

"இதுல என்ன வித்தை இருக்கு, மூணு கார்டு தெரிஞ்சா யாரும் வாசிக்கலாம்." இதைச் சொன்னவரை மட்டும் விடுவதாக இல்லை. இவர்தானே காவலர்களில் மூத்தவர்? வாசல் காக்கிறீர்கள், உள்ளே ஒன்றும் இல்லை என்றும் சொல்கிறீர்கள். அப்புறம் எதைக் காக்கிறீர்கள்?

கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து மீட்டுவது. அதை ஏன் இவ்வளவு எளிதாக வைத்தார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? ஃபஸ் போட்ட கிட்டாரில் மேஜர் கார்டு முழுசாக வாசித்தால் கலங்கிவிடும். இரண்டு சுரம் சேரும்போது அவற்றின் கூட்டலும் வித்தியாசமும் புதுச் சுரங்களாக எழும். மேஜர் தேர்டு (அந்தர காந்தாரம்) சேர்ந்தால் அந்தப் புதுச் சுரங்கள் கார்டோடு ஒட்டாமல் இடிக்கும். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் என்றால் விகிதம் 2-க்கு 3. வித்தியாசம் 1, அதாவது ஷட்ஜத்துக்குக் கீழே ஒரு ஆக்டேவ். வாசிக்காத அடிச்சுரம் ஒன்று தானாகவே முளைக்கிறது. இந்த இரண்டு சுரக் கார்டுக்குத்தான் பவர் கார்டு என்று பேர். அது சோம்பேறித்தனத்தில் வந்ததில்லை, அந்தப் பெடலோடு ஒத்துப்போவது அது என்பதால் நிலைத்தது.

சவுண்ட்கார்டனின் 'நத்திங் டு சே' அதே சவுண்ட்ட்ராக்கில் இருக்கிறது, 1987 பதிவு, டிராப் டி ட்யூனிங். ஆறாவது தந்தியை 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4-க்கு இறக்குவது. நாலாவது தந்தியையும் ஆறாவதையும் சேர்த்து மீட்டி, அலைபாயும் துடிப்பு நிற்கும்வரை இறக்க வேண்டும். கொஞ்சம் கூடவே இறக்கி, பிறகு ஏற்றிச் சுரத்துக்கு வாருங்கள், இல்லாவிட்டால் நட்டில் (கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் கட்டை) மாட்டிய தந்தி பாதிப் பாட்டில் நழுவும். 9-42 என்ற மெல்லிய தந்திச் செட் போட்டிருந்தால் அடித்தந்தி தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிக்கும், ஓங்கி மீட்டினால் சுருதி ஏறி இறங்கும். கொஞ்சம் தடித்த 10-46 குறைந்தபட்சம், 10-52 என்றால் நல்லது. இறக்கியதும் ஒரே விரலைக் குறுக்கே வைத்துப் பவர் கார்டு பிடிக்கலாம். அது சுலபம். அந்தப் பாட்டின் கனத்தை, அவசரப்படாமல், கடைசிவரை தாங்கிப் பிடிப்பது சுலபம் இல்லை. வாசித்துப் பாருங்கள், வீடியோ போடுங்கள், நானும் எமோஜி போடுகிறேன்.

நிர்வானாவின் 'பிளீச்' 606 டாலர் 17 சென்ட் செலவில், ஏறக்குறைய முப்பது மணி நேரத்தில், ஒலிப்பதிவாளர் ஜாக் எண்டினோ எட்டுத் தடக் கருவியில் பதிந்தது. எட்டுத் தடம் என்றால் டிரம்ஸுக்கே மூன்று நான்கு போய்விடும். மிச்சத்தில் பேஸ், கிட்டார், குரல். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது, மைக் வைக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும். வித்தை இல்லையாம்.

இந்தக் காவல் வேலையைப் பற்றி அந்தப் படத்திலேயே ஒரு பகுதி இருக்கிறது. படத்தைப் பார்க்காமல் பேசுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் கிரஞ்ச் ஆட்களின் ரகசியச் சொற்களைக் கேட்டு ஒருவருக்கு போன் போட்டது. எடுத்தவர் மேகன் ஜாஸ்பர், முன்பு சப் பாப்பில் வேலை பார்த்தவர். வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். கிழிந்த ஜீன்ஸுக்கு ஒரு பேர், ஊர் சுற்றுவதற்கு 'ஸ்விங்கிங் ஆன் தி ஃபிளிப்பிட்டி-ஃபிளாப்', ரசனை இல்லாதவனுக்கு 'லேம்ஸ்டெய்ன்'. அத்தனையும் அப்படியே அச்சில் வந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த பாஷை என்று ஒன்று இருக்கும் என்று நம்பியவர்கள்தான் ஏமாந்தார்கள். அந்த மேகன் பிற்பாடு சப் பாப்பின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். நம் ஊர் லேம்ஸ்டெய்ன்கள் இன்னும் அகராதி தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் விட்டுப்போகக் கூடாது. "இதெல்லாம் பொண்ணுங்க கேக்கற பாட்டா" என்று ஒருவர் எழுதினாரே, அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தொகுப்பில் தி கிட்ஸ் (The Gits) என்ற குழுவின் 'செகண்ட் ஸ்கின்' இருக்கிறது. பாடுபவர் மியா ஜபாட்டா. 1993 ஜூலை 7 அதிகாலை, சியாட்டிலில், நண்பர்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். வயது 27. அவருக்குப் பின் அந்த ஊர்க் கலைஞர்கள் பெண்களுக்குத் தற்காப்புக் கற்றுக்கொடுக்க 'ஹோம் அலைவ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டி.என்.ஏ. மூலம் கொலையாளி சிக்கப் பத்து வருஷம் ஆனது. 'செவன் இயர் பிட்ச்' குழுப் பெண்கள் தங்கள் 1994 ஆல்பத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர்களும் அதே சவுண்ட்ட்ராக்கில் இருக்கிறார்கள். பொண்ணுங்க கேக்கற பாட்டா என்று கேட்டவர் இதில் எதைக் கேட்டிருக்கிறார்?

கத்திவிட்டேன். பரவாயில்லை.

தோழி, இதைப் படிப்பீர்களா தெரியவில்லை. உங்கள் காதில் கோளாறு இல்லை, பாட்டிலும் கோளாறு இல்லை, பெடல் அப்படி. பதிவைத் திரும்பப் போடுங்கள். அதற்குமுன் ஹெட்போனில் மட்ஹனி பாட்டை இன்னொரு தடவை. கிட்டாரை விட்டுவிட்டு மேட் லூகினின் பேஸை மட்டும் பிடியுங்கள். அங்கேயேதான் இருக்கிறது.