13 எபிசோடில் நிறுத்தப்பட்ட மூன்று பேர்

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில். பகலில் பெயின்ட் அடிப்பது, வலையைச் சரிபார்ப்பது என்று போய்விடும். ராத்திரிதான் நகராது. இந்தத் தடவை தங்கச்சி மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து 'தி லோன் கன்மென்' என்ற பழைய அமெரிக்க டிவி தொடரை முதல் எபிசோடிலிருந்து போட்டுக் காட்டினேன். கீழக்கரைக் கூட்டாளி ஒருத்தன் துபாயிலிருந்து வாங்கிவந்து கொடுத்த டிவிடி பெட்டி. இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

'தி எக்ஸ் ஃபைல்ஸ்' எல்லாருக்கும் தெரியும். ஆண்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி இலங்கை டிவியான ரூபவாஹினி பார்த்து வளர்ந்த எங்களுக்கு, கேபிள் வந்த பிறகு கிடைத்த பெரிய புதையல் அது. அதில் மர்ம வழக்குகளைத் துப்பறியும் எஃப்பிஐ அதிகாரி முல்டருக்கு உதவ அவ்வப்போது மூன்று பேர் வருவார்கள். கோட்டும் டையுமாக பயர்ஸ், நீளமுடி லாங்லி, விரல் நுனி வெட்டிய கையுறையோடு குட்டையான ஃப்ரோஹிகி. அரசாங்க ரகசியங்களைத் தோண்டி ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறவர்கள். 1994-ல் ஒரு காட்சிக்காக வந்தவர்களுக்கு 2001 மார்ச் 4-ல் தனித் தொடரே கிடைத்தது. ஜூன் முதல் தேதியோடு அது முடிந்தும் போனது. மொத்தம் 13 எபிசோடு.

இந்தத் தொடரைப் பற்றி இன்று யார் பேசினாலும் முதல் எபிசோடைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். அதில் ஒரு பயணிகள் விமானத்தைத் தரையிலிருந்தே கட்டுப்படுத்தி, நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் மேல் மோதவிடச் சதி நடக்கும். கடைசி நொடியில் விமானம் மேலேறித் தப்பும். பார்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, இது அந்த செப்டம்பர் 11 சம்பவத்துக்கு அப்புறம் எடுத்ததா?" என்றான். "இல்லப்பா, ஆறு மாசம் முன்னாடி" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அந்த அதிர்ச்சி எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு தொடரை ஜோசியம் பலித்த கணக்கில் மட்டும் நினைவில் வைப்பது அதற்குச் செய்கிற அநியாயம். சதிக்கதை பேசுகிறவர்கள் அந்த 45 நிமிஷத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த மிச்சம்தான் எனக்கு முக்கியம்.

காரணம் சொல்கிறேன். 1998-ல் தங்கச்சிமடத்தில் நாங்களும் மூன்று பேர் ஒரு ஒற்றைத்தாள் பத்திரிகை நடத்தினோம். கையெழுத்து அழகாக இருக்கிறவன் எழுதுவான். ராமநாதபுரம் போய் ஜெராக்ஸ் எடுத்து வருவோம், 60 காப்பி. டீக்கடை, ஐஸ் கம்பெனி வாசல், ஏலக்கூடம் என்று ஒட்டுவோம். ஒரு இதழுக்காக, படகில் ஏற்றப் போகிற ஐஸ் பாரைத் தராசில் வைத்து நிறுத்தோம். சொன்ன எடை இல்லை. அதை அப்படியே எழுதினோம். மறுவாரம் டீக்கடைக்காரர், "தம்பிகளா, இனிமே இங்க ஒட்டாதீங்கப்பா, எனக்குத் தொந்தரவு வருது" என்றார். ஏழாவது இதழோடு நின்றது.

அதனால்தான் அந்த மூன்று பேரும் பழைய வோக்ஸ்வாகன் வேனில் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். கையில் துப்பாக்கி கிடையாது, பதவி கிடையாது. பணத்துக்கு எப்போதும் இழுபறி. வீடும் ஆபீஸும் ஒன்று. அப்படிப்பட்டவர்களை நாயகர்களாக வைத்து, பத்திரிகை அச்சாக வேண்டும் என்பதையே பதற்றமாகக் காட்டிய தொடர் அப்போது எத்தனை இருந்தது?

ஃப்ரோஹிகியை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு எபிசோடில், நாஜிகளுக்காக ஆட்களை விஷம் வைத்துக் கொன்றவள் என்று சந்தேகிக்கப்படும் ஒரு பாட்டியை வேவு பார்க்க, தொலைந்துபோன மகனாக நடித்துப் போகிறான். கதை நகைச்சுவைதான். ஆனால் அம்மா என்று கூப்பிட ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அந்த முகத்தில் தெரியும். நடித்த டாம் ப்ரெய்ட்வுட் முழுநேர நடிகர் இல்லை. 'எக்ஸ் ஃபைல்ஸ்' படப்பிடிப்பில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர்.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். விழுவது, மோதுவது, முட்டாள்தனமாக மாட்டிக்கொள்வது அளவுக்கு மீறி வரும். ஜிம்மி பாண்ட் என்று ஒரு வெள்ளந்தி வந்து சேர்ந்ததும் முதல் தடவை எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பார்வையற்றவர்களை வைத்து ஃபுட்பால் டீம் நடத்துகிற ஆள் அவன். தோற்கும் என்று ஊரே சொல்கிற காரியத்தில்தான் காசைப் போடுவான். இந்தத் தடவை பார்க்கும்போது, தொடரின் உயிரே அவனிடம் இருப்பதாகத் தோன்றியது. ஏழாவது இதழ் சமயத்தில் எங்களிடம் அப்படி ஒருத்தன் இருந்திருந்தால் எட்டாவதும் வந்திருக்கும்.

வேற்றுக்கிரகவாசியையும் திகிலையும் எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்குச் சிரிப்பு கிடைத்தது. கூட்டம் குறைந்தது, சேனல் நிறுத்திவிட்டது. ஒரு தொடர் தன் குரலைக் கண்டுபிடிக்க 13 எபிசோடு போதுமா? உருவாக்கிய நாலு பேரில் ஒருவர் வின்ஸ் கில்லிகன். பிறகு 'பிரேக்கிங் பேட்' எடுத்தார். அதிலிருந்து கிளைத்த 'பெட்டர் கால் சால்' 2015-லிருந்து 2022 வரை ஓடியது, 63 எபிசோடு. அதுவும் பெரிய தொடரின் நிழலில் பிறந்ததுதான், அதுவும் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் வளரும்வரை அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

என்னால் இன்னும் மன்னிக்க முடியாதது முடிவு. கதைவரிசையில் கடைசி எபிசோடு 2001 மே 11-லேயே ஒளிபரப்பானது, அது பாதியில் தொங்கும். அதை முடித்து வைக்க ஒரு வருஷம் கழித்து அவர்களைத் திரும்ப 'எக்ஸ் ஃபைல்ஸ்'க்கே கூப்பிட்டார்கள். கிருமி ஊர் முழுக்கப் பரவாமல் இருக்க, அதைச் சுமந்திருக்கிறவனோடு சேர்த்துக் கதவை அடைத்துக்கொண்டு மூன்று பேரும் சாகிறார்கள். வீரச்சாவுதான், ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் இடமும் உண்டு. ஆனால் சொந்தத் தொடரில் பிழைக்க விடாதவர்களை, அடுத்தவர் வீட்டில் ஒரே ராத்திரியில் கொன்று கணக்கு முடித்தது போலத்தான் எனக்கு இருந்தது.

தங்கச்சி மகன் 13-ம் முடித்துவிட்டு, "அடுத்தது எங்க மாமா?" என்று கேட்டான். "அவ்வளவுதான் வந்துச்சு" என்றேன். சாகிற அந்த எபிசோடும் இதே டிவிடி பெட்டியில் இருக்கிறது. நான் இன்னும் போடவில்லை.