நேர்காணல் அறையில் எதற்கு மதிப்பெண் போடுகிறோம்?

கல்லூரிச் சேர்க்கைக்கான நேர்காணல் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒரு மாணவரைப் பற்றி மதிப்பெண் பட்டியல் காட்டாததை நேரில் பார்த்துப் பேசினால் அறிந்துகொள்ளலாம் என்று நம்பித்தான் நானும் அந்தப் பொறுப்பை ஏற்றேன். வழக்கமான நேர்காணலின் மீது அந்த நம்பிக்கை எனக்கு இப்போது அறவே இல்லை.

ஒரு காலைப் பொழுது இன்னும் கண்ணில் நிற்கிறது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும், சான்றிதழ்க் கோப்பின் ஓரத்தை விரலால் நெருடியபடியே அந்த மாணவி இரண்டு வாக்கியங்களில் முடித்துக்கொண்டார். அடுத்து வந்த மாணவர் அதே கேள்விக்குத் தங்குதடையின்றிப் பேசினார். குழுவில் ஒருவர் ஆடும் விளையாட்டையே அவரும் ஆடுகிறார் என்று தெரிந்ததும் அறையே கலகலப்பாகிவிட்டது. முன்னவருக்குத் 'தன்னம்பிக்கை குறைவு' என்றும் பின்னவருக்குத் 'தலைமைப் பண்பு உண்டு' என்றும் எழுதினோம். இருவரிடமும் பாடம் தொடர்பாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். பெரியவர்களோடு சரிசமமாகப் பேசிப் பழகிய வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த வாய் முன்னதாகவே வாய்த்துவிடுகிறது. அதற்கு நாமும் ஒருமுறை மதிப்பெண் போட்டால், கிடைத்த வசதிக்கே இரண்டாவது பரிசு கொடுத்தவர்களாகிறோம்.

1979-இல் ஹூஸ்டனிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நடந்தது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஏறத்தாழ 800 பேரை நேர்காணல் செய்து, தரவரிசைப்படி 150 பேரைச் சேர்த்துக்கொண்ட பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்குமாறு மாநிலச் சட்டமன்றம் பணித்தது. அதற்குள் முன்வரிசையினர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால், பட்டியலின் அடியில் கிடந்தவர்களையே எடுக்க நேர்ந்தது. இரு பிரிவினரும் படிப்பிலும், பின்னர் மருத்துவமனைப் பயிற்சியின் முதலாண்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவுமின்றியே தேறினார்கள் என்று 1987-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர்களை முதலில் மேலும் கீழுமாகப் பிரித்ததில் பெரும்பங்கு, நேர்காணல் செய்தவர்களின் மனப்பதிவுக்கே உரியது.

இந்திய உச்ச நீதிமன்றமும் 1980-இலேயே, ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் இதைத் தொட்டிருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. நேர்காணலோ சராசரியாக இரண்டு மூன்று நிமிடம், அதிலும் பெற்றோரையும் வசிப்பிடத்தையும் பற்றிய கேள்விகள் என்பது மனுதாரர்களின் முறையீடு. நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று கூறிய நீதிமன்றம், உரையாடலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் சொன்னது.

நேர்காணலை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவத் துறையினர், ஒரே குழுவின் முன் ஒரே உரையாடல் என்பதை மாற்றி, ஏறத்தாழ பத்து அறைகளில் தனித்தனி மதிப்பீட்டாளர்களிடம் சில நிமிடங்கள் வீதம் பேச வைக்கும் முறையை உருவாக்கினார்கள். அறைவாசலில் ஒட்டிய சூழ்நிலைக் குறிப்பைப் படித்துச் சிந்தித்துவிட்டு மாணவர் உள்ளே போகிறார். ஓர் அறையில் தடுமாறியவருக்கு அடுத்த அறையில் புதிய தொடக்கம் கிடைக்கிறது. ஒருவரின் விருப்பு வெறுப்பு மொத்த முடிவையும் சாய்த்துவிடுவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர்கள் அறிமுகமில்லாத ஒரு சிக்கலைக் கொடுத்து மாணவர் எப்படிச் சிந்திக்கிறார் என்று பார்க்கிறார்கள். பின்னால் நடக்கப்போகும் கற்பித்தலும் அதே வடிவில்தான் என்பதால் அதில் பொருள் இருக்கிறது.

எங்கள் குழுவிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: எல்லோரிடமும் பாடத்தை ஒட்டிய ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும், மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட வேண்டும், 'ஆளுமை' என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதற்காக அடுத்த கூட்டத்தில் மறுபடியும் பேசப் போகிறேன்.