லாரிக்குள் விழுந்த மாட்டுக்கு யார் பொறுப்பு?

பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை. போன வியாழன் மாலை, பாலக்காடு சாலையில் ஒரு டீக்கடை ஓரமாக மாடு ஏற்றிய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பின்பலகை இடுக்கில் ஒரு முன்னங்கால் வெளியே தொங்கியது. அந்த மாடு உள்ளே விழுந்து கிடந்தது. நிற்க இடமில்லாத மற்ற மாடுகள் அதன் விலாவிலும் மடியிலும் மிதித்துக்கொண்டிருந்தன. லாரியில் கூட வந்தவர் வாலை முறுக்கிப் பார்த்தார். அது தலையை மட்டும் தூக்கியது, மறுபடி சாணித் தரையில் கிடத்திவிட்டது. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பதினான்கு மாடுகள்.

"எல்லை தாண்டுவதற்குள் எழுந்துவிடும்" என்றார் ஓட்டுநர்.

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். கால்நடைகளை ஏற்றிச் செல்வதற்கு 1978-லேயே மத்திய அரசின் விதிகள் வந்துவிட்டன. லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது. தரையில் தென்னைநார் விரிப்போ மரப்பலகையோ போட வேண்டும். முதலுதவிப் பொருட்களும் கவனிக்க ஓர் ஆளும் கூடவே போக வேண்டும். பயணத்தைத் தாங்கும் என்று கால்நடை மருத்துவர் சான்று தராத மாட்டை ஏற்றவே கூடாது. இதை எழுதியவர் மாட்டோடு பழகியவராகத்தான் இருக்க வேண்டும். சாணியும் கோமியமும் சேர்ந்த இரும்புத் தரையில் குளம்பு நிற்காது, ஒரு பிரேக் போட்டால் போதும், மாடு சரிந்துவிடும். நெரிசலில் சரிந்த மாடு தானாக எழ முடியாது. ஒரு நார் விரிப்புக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

மாட்டை இப்படி வதைத்து ஏற்றினால் என்ன தண்டனை? 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். இந்தத் தண்டனை போதாது, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்று 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொன்னது. தொகை அப்படியேதான் இருக்கிறது. ஒரு மாட்டின் காலொடிவுக்கு நாம் வைத்திருக்கும் விலை 50 ரூபாய் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாடு விற்கும் விவசாயியை நான் குறை சொல்லவில்லை. கறவை நின்ற மாட்டுக்குத் தீவனம் போட்டுக் கட்டுப்படியாகாமல் என் அப்பாவும் விற்றிருக்கிறார், அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். மாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று ஓட்டுநர்களை அடிப்பவர்களோடும் எனக்கு எந்த ஒட்டும் இல்லை. வியாபாரம் நடக்கட்டும். நான்கு காலில் நிற்க முடியாத மாடு மட்டும் லாரி ஏறக் கூடாது.

அதைச் சந்தையிலேயே தடுக்கலாம். ஏற்றுகிற இடத்தில் கால்நடை மருத்துவர் நின்று பார்க்க வேண்டும். நொண்டுவதும் காய்ச்சலில் கிடப்பதும் இறங்கி நிற்க, தண்ணீரோடு ஒரு கொட்டகை வேண்டும். வழியில் விழுந்த மாட்டை அருகிலிருக்கும் கால்நடை மருந்தகத்தில் இறக்கிவிடுகிற ஓட்டுநர் மீது வழக்குப் போடக் கூடாது. அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். சிகிச்சைச் செலவு, பதினான்கை ஏற்றச் சொன்ன வியாபாரியுடையது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். சந்தைக்கு மாடு கொண்டுபோகிற விவசாயிகளின் கையெழுத்து இருந்தால் மனுவுக்குப் பலம் கூடும். இந்தப் பக்கத்து நண்பர்கள் ஞாயிறு மாலைக்குள் சொல்லுங்கள், நானே தோட்டத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.