ஃபோர்மன் திறந்து வைத்திருந்த மண்டபம்

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோர்ஜ் ஃபோர்மன் 2025 மார்ச் 21ஆம் திகதி கண்ணை மூடிவிட்டார். 76 வயது. செய்தி வந்த நேரத்திலிருந்து பார்க்கிறேன், முக்கால்வாசிப் பேர் "முகமது அலியிடம் தோற்றவர்" என்றே எழுதியிருக்கிறார்கள். அது பொய்யில்லைத்தான். ஆனால் ஒரு மனிதர் 76 வருடம் வாழ்ந்ததில் ஒரேயொரு விடியற்காலையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அழுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு சீனிச் சரையில். 1994 கடைசி. அப்போது முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் வயரைக் கொழுவித்தான் வீட்டில் தமிழோசை கேட்போம். பெடல் சுற்றுவது என் வேலை. ஒருநாள் கடையில் சீனி சுற்றித் தந்த ஆங்கிலப் பேப்பர்த் துண்டில் ஒரு படம். மொட்டைத் தலையோடு மலை மாதிரி ஒரு ஆள், குத்துச்சண்டை மேடையின் மூலையில் முழங்காலில் நின்று கும்பிடுகிறார். சித்தப்பா அந்தத் துண்டைச் சுளகில் விரித்து, ஒட்டியிருந்த சீனியை நகத்தால் சுரண்டிச் சுரண்டி வாசித்தார். அவர் 83க்கு முதல் கொழும்பில் வேலை பார்த்தவர், அலியின் சண்டைகள் எல்லாம் அவருக்குப் பாடம்.

"இவன் இருவது வருசத்துக்கு முந்தித் தோத்தவனடா. இப்ப நாப்பத்தஞ்சு வயசு. அண்டைக்குப் போட்ட அதே சிவப்புக் காற்சட்டையோட வந்து வெண்டிருக்கிறான்" என்றார்.

அந்தக் காற்சட்டை எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. தோற்ற நாளில் போட்ட உடுப்பை யார் இருபது வருடம் பத்திரமாக வைத்திருப்பார்கள்?

சரி, அந்தத் தோல்வி என்ன? 1974 அக்டோபர் 30 விடியற்காலை, சயீர் நாட்டின் (இன்றைய கொங்கோ) கின்ஷாசா. ஃபோர்மனுக்கு 25 வயது, அலிக்கு 32. அதுவரை 40 சண்டை, நாற்பதிலும் ஃபோர்மனுக்கே வெற்றி. அப்போதைய உலக சாம்பியன் ஜோ ஃப்ரேசியரை ஜமெய்க்காவில் இரண்டே சுற்றில் ஆறு தடவை விழுத்தியவர். அலி செத்துப்போய்விடுவார் என்றுகூடப் பயந்தவர்கள் இருந்தார்கள். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடியை எல்லாம் கையிலும் விலாவிலும் வாங்கினார். ஃபோர்மன் அடித்து அடித்துக் களைத்தார். எட்டாம் சுற்றில் சரிந்தார். கயிறு தளர்ந்திருந்தது, நடுவர் வேகமாக எண்ணிவிட்டார் என்று கன காலம் காரணம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தோல்வியை விழுங்க ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காலம் எடுக்கும். எங்கள் மண்ணில் அது தெரியாத ஆள் இருக்கிறாரா?

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு முன்னும் பின்னும் நடந்ததை.

ரெக்சாஸில் பிறந்து ஹூஸ்டனின் ஐந்தாம் வட்டாரத்தில் வளர்ந்த பெடியன் அவர். தகப்பன் வீட்டில் இல்லை, வயிற்றுக்குப் போதாது, பள்ளிக்கூடத்தை இடையில் விட்டாயிற்று. தெருவில் ஆட்களை அடித்துப் பறிக்கிற கூட்டத்தில் ஒருவர். ஒரு இரவு பொலிஸ் துரத்தியபோது ஒரு வீட்டுக்கு அடியில் புகுந்து, நாய்கள் மணம் பிடிக்காமல் இருக்க உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு படுத்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இதை வாசித்தபோது எனக்கு மூச்சு நின்றது. ஈரமண் மூக்கில் ஏற, அசையாமல் படுத்துக் கிடப்பது என்னவென்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்! எங்களுடைய காரணம் வேறு. ஆனால் மண்ணின் மணம் ஒன்றுதான்.

அந்தப் பெடியனைக் காப்பாற்றியது என்ன? ஜனாதிபதி ஜோன்சன் காலத்தில் ஏழை இளைஞர்களுக்குத் தொழில் பழக்கத் தொடங்கிய ஒரு அரசாங்கத் திட்டம். தங்க இடம், மூன்று நேரச் சாப்பாடு, எழுத்து வாசிப்பு. கலிபோர்னியாவில் இருந்த அந்த முகாமில் டொக் புரோடஸ் என்ற ஒருவர், எந்நேரமும் சண்டைக்கு நிற்கிற இந்தப் பெடியனைப் பார்த்துக் கையுறையைக் கொடுத்தார். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அதே பெடியன் தங்கம் வாங்கினார்.

அதை அவர் மறக்கவில்லை. 1977இல் குத்துச்சண்டையை விட்டுவிட்டுப் போதகரானார். பத்து வருடம் கையுறை தொடவில்லை. 1984இல் ஹூஸ்டனில் இளைஞர்களுக்கென்று ஒரு மண்டபம் திறந்தார். தெருவில் நிற்கிற பெடியள் வந்து விளையாட ஒரு கூரை. அதை நடத்தக் காசு முடிந்துவிட்டது. ஊர் ஊராகக் கையேந்த அவருக்கு மனம் வரவில்லை. தெரிந்த தொழில் ஒன்றுதான். 1987இல், 38 வயதில், 120 கிலோவைத் தாண்டிய உடம்போடு மேடையேறினார். உலகமே சிரித்தது. சுற்றுகளுக்கு இடையில் ஸ்டூலில் இருக்கவே மாட்டார், நின்றபடிதான் இளைப்பாறுவார்.

1991இல் அப்போதைய உலக சாம்பியன் ஹொலிஃபீல்டிடம் புள்ளியில் தோற்றார். 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸில், தோல்வியே அறியாத 26 வயது உலக சாம்பியன் மைக்கல் மூரருக்கு முன்னால் நின்றார். ஒன்பது சுற்றும் அடி வாங்கினார், புள்ளியில் பின்னால். பத்தாம் சுற்றில் வலக்கையால் ஒரு குத்து, மூரர் மல்லாந்தார். அன்று ஃபோர்மனின் மூலையில் நின்றவர் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி, கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற அதே மனிதர். அலியும் பிறகு அவருக்கு உயிர்ச்சிநேகிதர். 1997 ஒஸ்கார் விழாவில், நடுக்கவாதத்தால் தளர்ந்திருந்த அலியைப் படியேற்றி மேடைக்குக் கூட்டிப்போனது ஃபோர்மனின் கைதான்.

இந்த வெற்றியைத்தான் இப்போது எல்லோரும் "விழுந்தால் எழு" என்று படம் போட்டுப் பகிர்கிறார்கள். நான் அந்த மண்டபத்தைப் பார்க்கிறேன். உலகப் பட்டத்துக்கு முதல் அதன் வாடகையும் லைற் பில்லும் இருந்தன.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், போன மாதம் எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைத்தோம். சனசமூக நிலையத்தின் பின்மண்டபம் சும்மா கிடக்கிறது, பின்னேரத்தில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்கத் தாருங்கள் என்று. ஒரு ஐயா எழும்பினார். "பட்டதெல்லாம் காணாதோ தம்பி? இனியும் பிள்ளையளுக்கு அடிபடவோ பழக்கப் போறியள்?"

அவர் கேட்டதில் பிழையில்லை. அவர் இழந்தது ஊருக்கே தெரியும். அன்று எனக்குப் பதில் வரவில்லை, இன்று சொல்கிறேன். ஐயா, அடிபடுவது வேறு, இது வேறு. இங்கே மணி அடித்தால் கை இறங்க வேண்டும். விழுந்தவனைத் தொடக் கூடாது. முடிந்ததும் கட்டிப்பிடிக்க வேண்டும். கோபத்துக்கு ஒரு வேலி இருக்கிறது என்று எங்கள் பிள்ளைகள் வேறு எங்கே படிப்பார்கள்? பின்னேரம் ஆறு மணிக்குக் குளக்கட்டில் போய்ப் பாருங்கள். கசிப்பும் ஐஸ் போதையும் யாரிடமும் அனுமதி கேட்டு ஊருக்குள் வரவில்லை. இதே முல்லைத்தீவு மாவட்டத்து இந்துகாதேவி 2022இல் பாகிஸ்தானுக்குப் போய்க் கிக் பொக்சிங்கில் தங்கம் வாங்கி வந்தபோது நாங்கள் எல்லோரும் மாலை போட்டோம். மாலைக்கு முதல் கூரை வேண்டும்.

இப்போது உரப்பையில் உமியும் மணலும் அடைத்துப் பாலைமரத்தில் கட்டித்தான் பழகுகிறார்கள். மணல் கீழே இறங்கி அடிப்பக்கம் கல்லாகிவிடும், அதனால் பதினொரு வயதுப் பெட்டை ஒருத்தி குத்த முதல் இரண்டு கையாலும் பையைத் தூக்கி உலுப்பிவிடுவாள். கைக்குச் சுற்றியிருப்பது கிழித்த சாரத்துண்டு.

நேற்று மாலை அந்த ஐயா எங்கள் வீட்டுப் படலையைத் தட்டினார். மண்டபச் சாவியை என் கையில் வைத்துவிட்டு, "என்ர பேத்தியும் வரலாமோ?" என்று மட்டும் கேட்டார்.

வெளிநாட்டு உறவுகளிடம் பிறகு கையுறை கேட்பேன். இப்போதைக்கு ஊரில் இருப்பவர்களுக்கு: சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மண்டபம் கழுவுகிறோம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வாளியும் தும்புத்தடியும் கொண்டு வாருங்கள்.